பின்னால் நீட்டிய கை

நாகஜோதிக்குத் திரும்பிப் பார்க்கும் வியாதி. வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை வந்தபிறகு, பூட்டினோமா என்று பார்க்கத் திரும்பிப் போவாள். பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு, நம்பர் எழுதினோமா என்று கெஞ்சி வாங்கிப் பார்ப்பாள். கூடப் படிக்கும் பெண்களுக்கு இது சிரிப்பு. ரிலேயில் கடைசி ஆளாக ஓடுகிறவளுக்கு இது சிரிப்பில்லை.

ரிலேயில் பேட்டன் குச்சியை வாங்குகிறவள் திரும்பவே கூடாது. பின்னால் வருகிறவள் நெருங்கியதும் முன்னால் பார்த்தபடியே ஓடத் தொடங்க வேண்டும். "கை!" என்று குரல் வரும். கையைப் பின்னால் நீட்டினால் பேட்டன் உள்ளங்கையில் வந்து உட்காரும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் இவளுக்கு வரவில்லை.

விடிந்தால் மண்டலப் போட்டி. ஜெயித்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். அதில் ஓடிய சான்றிதழ் இருந்தால்தான் கோயம்புத்தூர் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு இவளைக் கூப்பிடுவார்கள். தனி ஓட்டத்தில் ஏற்கெனவே கோட்டை விட்டாயிற்று. ரிலே ஒன்றுதான் மிச்சம். அதுவும் போனால் நூல் மில் இருக்கிறது. எந்த ஷிப்டு என்பது வரைக்கும் சித்தி பேசி வைத்துவிட்டாள்.

அந்தப் பயத்தில்தான் அன்று காலை மாரியம்மன் கோவிலில் பூப் போட்டுக் கேட்டாள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். அம்மன் காலடியில் வைத்துப் பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் காரியம் நடக்கும். வெள்ளைதான் வந்தது. பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். அம்மன் காதில் சரியாக விழுந்ததோ என்னவோ என்று இன்னொரு தடவை கேட்டாள். சிவப்பு வந்தது. அப்புறம் இவளால் நிறுத்த முடியுமா?

பூசாரியும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"ஒரே கேள்விய எத்தனை தரம்தாம்மா ஆத்தாகிட்ட கேப்ப?" என்று கடைசிப் பொட்டலத்தைக் கையில் திணித்து அனுப்பிவிட்டார். அதைப் பிரிக்கப் பயந்து, பாக்கெட்டில் வைத்துக்கொண்டே மைதானத்துக்கு வந்திருந்தாள்.

மாலைப் பயிற்சியில், மூன்றாவது ஆளாக ஓடும் பாண்டிமீனா வளைவிலிருந்து பாய்ந்து வந்தாள். "கை!" என்றாள். நாகஜோதி கையை நீட்டினாள். தலையும் கூடவே திரும்பியது. பேட்டன் கீழே விழுந்து உருண்டது.

"நாளைக்கும் இப்படித்தான் போடப் போறியா?" என்றாள் பாண்டிமீனா.

நாகஜோதிக்கு அழுகை முட்டியது. பயிற்சி கொடுக்கும் ஃபுளோரா டீச்சர் பக்கத்தில் வந்தார். நாலைந்து வருடம் முன்புவரை அவரும் இதே மைதானத்தில் ஓடியவர்தான். பேச்சுதான் கொஞ்சம் சிக்கனம்.

"எதுக்குத் திரும்புன?"

"அவ வந்துட்டாளான்னு பார்த்தேன் டீச்சர்."

"வராம எங்க போவா?"

"தெரியுது டீச்சர். ஆனா பார்க்காம எப்படி நம்புறது?"

அதோடு சேர்த்து நாகஜோதி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"சாமியும் எனக்கு இப்படித்தான் டீச்சர் இருக்கு. நான் பாட்டுக்குக் கேட்டுக்கிட்டே இருக்கேன். பின்னாடி யாரும் வர்றாங்களான்னே தெரியல. காலேஜ் கிடைக்கலேன்னா நான் என்ன ஆவேன்? நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. உங்களுக்காச்சும் தெரியுமா?"

டீச்சர் கீழே கிடந்த பேட்டனை எடுத்து மண்ணைத் துடைத்தார்.

"இடம் மாத்தி ஓடுங்க. நாகஜோதி, நீ கொண்டு வா. பாண்டிமீனா வாங்கட்டும்."

"நாளைக்குப் போட்டி டீச்சர். இப்பப் போய் மாத்தினா..."

"ஓடு."

பாண்டிமீனாவின் காதில் டீச்சர் ஏதோ சொன்னார்.

நாகஜோதி வளைவிலிருந்து ஓடி வந்தாள். "கை!" என்று கத்தினாள். பாண்டிமீனா கையை நீட்டியபடியே திரும்பிப் பார்த்தாள். இங்கே இருந்த கை அங்கே போனது. நாகஜோதி வைக்கப் போனாள், கை விலகியது. மறுபடி வைக்கப் போனாள். அதற்குள் கைமாற்ற வேண்டிய எல்லை தாண்டிவிட்டது. அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"இன்னொரு தடவை," என்றார் டீச்சர்.

இந்த முறை கால் கனத்தது, மூச்சு வாங்கியது. முன்னால் பாண்டிமீனாவின் பின்னல் மட்டும் தெரிந்தது. "கை!" என்றபோது குரலே சரியாக எழும்பவில்லை. ஆனாலும் கை பின்னால் வந்தது. வந்து, விரித்தபடி அங்கேயே இருந்தது. அந்தக் கையைத் தவிர நாகஜோதியின் கண்ணில் வேறு எதுவும் படவில்லை. எப்படியாவது அதில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும் என்று உயிரைக் கொடுத்து ஓடினாள். வைத்தாள். விரல்கள் மூடிக்கொண்டன.

பாண்டிமீனா பேட்டனோடு மைதானத்தைச் சுற்றி மறுபடி வளைவுக்கே போனாள். நாகஜோதி முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மொத தடவ ஏன் கொடுக்கல?" என்றார் டீச்சர்.

"கொடுக்கத்தான் டீச்சர் ஓடியாந்தேன். அவ கை ஒரு இடத்துல நிக்கல."

"இப்ப?"

"கை அங்கேயே இருந்துச்சு. வச்சுட்டேன்."

"அவ உன்னத் திரும்பியே பார்க்கலையே. கோவம் வரல?"

"அவ எதுக்கு டீச்சர் பார்க்கணும்? நான்தான் அவளப் பார்த்துக்கிட்டே வர்றேன்ல."

சொன்னவள் முழங்காலிலிருந்து கையை எடுத்து நிமிர்ந்தாள். டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். டீச்சர் வளைவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாகஜோதியின் கை பாக்கெட்டுக்குள் போனது. பொட்டலம் வேர்வையில் நனைந்திருந்தது.

"என்னடி அது?"

"பூ டீச்சர். நாளைக்கு என்ன ஆகும்னு அம்மன்கிட்ட கேட்டேன். இன்னும் பிரிச்சுப் பார்க்கல."

டீச்சர் உள்ளங்கையை நீட்டினார். நாகஜோதி தயங்கித் தயங்கிப் பொட்டலத்தை அதில் வைத்தாள். டீச்சர் அதைப் பிரிக்காமலே தன் தோள்பையில் போட்டுக்கொண்டார்.

"வெள்ளையா சிவப்பான்னு..." என்று தொடங்கினாள் நாகஜோதி.

"உன் இடத்துல போய் நில்லு," என்றார் டீச்சர். "அவ வருவா."