காத்தமுத்து இறங்கிய இடம்

வேம்பாயி அம்மாளுக்கு அப்போது நாற்பது வயது. அவரைக் குருவாக ஏற்றுக்கொண்ட தெய்வசிகாமணிக்கு அறுபத்திரண்டு. பெரிய பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். குரு அவரை "சார்" என்பார். அவர் குருவை "தாயே" என்பார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இருவருக்கும் வராது.

கண்மாய்க் கரையில் ஓடு போட்ட ஒரு கொட்டகை. அதைத்தான் ஊர் மடம் என்று சொல்லும்.

வருகிற பௌர்ணமிக்கு சாருக்குக் காவி கொடுப்பதாக அம்மா சொல்லியிருந்தார். நாலு முழ வேட்டி ஒன்றைக் காவிக்கல் கரைத்த தண்ணீரில் நனைத்து, நிழலில் உலர்த்தி, மடித்தும் வைத்துவிட்டார். சார் தினமும் ஒரு தடவை அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

ஒருநாள் காலை அம்மா சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். சார் பக்கத்தில் போய் நின்றார்.

"தாயே, எல்லாத்தையும் விட்டுட்டேன். கோபம் மட்டும் விட மாட்டேங்குது. அதை எப்படி விடுறது?"

அம்மா பம்பைக் கீழே வைத்தார். டயரை அமுக்கிப் பார்த்தார்.

"உங்க சைக்கிள்ல காத்து இருக்கா சார்?"

"இருக்கு தாயே."

"அப்ப கிளம்புங்க."

"எங்க?"

"ரோடு போற வரைக்கும்."

"எத்தனை நாள் ஆகும்? மாத்து வேட்டி எடுக்கணுமே."

"காவி இருக்குல்ல. அதை எடுத்துக்கிடுவோம்."

மடித்து வைத்திருந்த காவியை அம்மா தன் கேரியரில் வைத்துக் கட்டினார். அவ்வளவுதான் ஏற்பாடு. அரை நாழிகை முன்னால் அப்படியொரு பயணம் இருப்பதே யாருக்கும் தெரியாது.

முதல் நாள் கிழக்கே போனார்கள். முந்திரிக்காடு, செம்மண் மேடு, ஆளில்லாத ரோடு. சாருக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் முகத்தில் ஒரு சந்தோஷம்.

அது முதல் டீக்கடை வரைக்கும்தான்.

"என்னய்யா டீ இது? சர்க்கரையைக் கண்ணுல காட்டினியா இல்லையா?"

"கலக்கிக் குடிங்க சார், அடியில கெடக்கும்" என்றார் டீக்கடைக்காரர்.

"எனக்குக் குடிக்கச் சொல்லித் தர்றியா?"

சார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கறுப்புப் பேனா, தங்க நிற மூடி. முப்பது வருஷம் டி.சி.யிலும் மார்க் ஷீட்டிலும் கையெழுத்துப் போட்ட பேனா. பையில் இருந்த நோட்டைத் திறந்து, சுகாதார அதிகாரிக்கு ஒரு பக்கம் எழுதினார். எழுதி முடித்த பிறகும் நாலு கிலோமீட்டருக்கு டீயைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

மத்தியானம் ஒரு லாரி சேற்றை வாரி அடித்துவிட்டுப் போனது. அதன் நம்பருக்கு ஒரு பக்கம்.

ராத்தங்கலுக்கு ஒரு கோயில் மண்டபம் கிடைத்தது. மறுநாள் விடிந்து புறப்பட்டால், கிலோமீட்டர் கல் தப்பு. ஒரு கல்லில் பன்னிரண்டு, அடுத்த கல்லில் பதினாலு.

"நடுவுல இருக்கிற பதிமூணு எங்க போச்சு? மக்களை முட்டாளுன்னு நினைச்சிட்டானா?"

நெடுஞ்சாலைத் துறைக்கு ஒரு பக்கம்.

சார் எழுதி முடிக்கும்வரை அம்மா ஒரு காலை ஊன்றி நிற்பார். அவர் பேனாவை மூடியதும் மிதிப்பார்.

அந்தக் கல்லைத் தாண்டித்தான் காத்தமுத்து வந்து சேர்ந்தார்.

பின்னாலிருந்து விர்ரென்று ஒரு சைக்கிள் அவர்களைக் கடந்து போனது. ஓட்டுகிறவருக்கு வலது கால் மட்டும்தான் மிதிக்கிறது. இடது கால் இளம்பிள்ளைவாதத்தில் சூம்பி, கயிறு மாதிரி தொங்குகிறது. கேரியரில் துணி மூட்டை.

"சார், ஒத்தக்கால்காரன் முந்திட்டேன். கோவிச்சுக்காதீங்க."

சாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எந்த ஊரப்பா?"

"அடுத்த ஊர்தான் சார். ஊரைத் தாண்டி காலனி. டவுன்ல தையக்கடை. ஒரு காலுதான், அது சைக்கிளையும் மிதிக்கும், மிஷினையும் மிதிக்கும். சம்பளம்தான் ஒண்ணு."

"நடக்கிறது சிரமமோ?" என்று அம்மா கேட்டார்.

"நடக்கிறதா? தாயி, தரையில நான் நொண்டி. இதுல ஏறிட்டா ராஜா. எங்க, பிடிங்க பாப்போம்."

மூன்று சைக்கிளும் சேர்ந்து ஓடின. காத்தமுத்து முன்னால் போய் வளைந்து வளைந்து காட்டினார். சார் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். அம்மா வாய்விட்டுச் சிரித்ததை சார் அன்றைக்குத்தான் பார்த்தார்.

ஊர் எல்லையில் ஒரு புளியமரம். அதன் கீழே வந்ததும் காத்தமுத்து பிரேக் பிடித்தார். கம்பியைப் பிடித்துத் தொற்றிக்கொண்டு இறங்கினார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார். செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டினார். சைக்கிளின் மேல் சாய்ந்துகொண்டு தள்ள ஆரம்பித்தார்.

உச்சி வெயில். தார் ரோடு. சூம்பிய கால் இழுபட்டுக்கொண்டே வந்தது.

சார் அவரைக் கடந்து போனார். போகும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"என்னப்பா ராஜா, அதுக்குள்ள களைச்சிட்டியா?"

காத்தமுத்து தலையைத் தூக்கவில்லை.

அம்மா இறங்கினார். தன் செருப்பையும் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டினார்.

"தாயி, நீங்க ஏறிப் போங்க. இது உங்களுக்கு இல்ல."

"தெரியும்."

இரண்டு பேரும் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். தெரு நீளத் தெரு. இரண்டு பக்கமும் வீடு. வாசலில் இருந்த ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மனுஷனுக்குக் காலாக இருக்கிற சைக்கிளை விட்டு இறங்கி, இல்லாத காலால் நட என்று சொல்லுகிற தெரு. இந்தக் கதையை நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் வாய் கசக்கத்தான் செய்கிறது.

தெரு நடுவில் வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு ஒரு பெரியமனுஷர் உட்கார்ந்திருந்தார். சாரின் வெள்ளைச் சட்டையையும் பேனாவையும் பார்த்துவிட்டு, கூப்பிட்டு மோர் கொடுத்திருந்தார். சார் பாதி டம்ளர் குடித்திருந்தார்.

"அந்த ஆள் ஏன் இறங்கிட்டாரு?" என்று சார் கேட்டார்.

"யாரு, தையக்காரனா? அது ஒரு மரியாதை சார். நாம யாரும் சொல்றதில்ல. அவங்களா இறங்கிப் போறது."

"ஓகோ" என்றார் சார். மிச்ச மோரையும் குடித்தார்.

அதற்குள் அம்மாவும் காத்தமுத்துவும் வந்துவிட்டார்கள். பெரியமனுஷர் எழுந்து அம்மாவிடம் ஒரு டம்ளரை நீட்டினார். அம்மா வாங்கினார்.

"அவருக்கு?"

பெரியமனுஷர் காத்தமுத்து நின்ற பக்கம் பார்க்கவே இல்லை. "நீங்க குடிங்கம்மா. வெயில்ல வந்திருக்கீங்க."

"அவரும் இதே வெயில்லதான் வந்தாரு."

அம்மா அந்த டம்ளரைத் தளும்பாமல் கட்டில் சட்டத்தில் வைத்தார். நடந்தார்.

தெரு முடிகிற இடத்தில் வாய்க்கால் பாலம். காத்தமுத்து அதன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார். சூம்பிய காலின் பாதம் தாரில் தேய்ந்து தோல் உரிந்து ரத்தம் வந்திருந்தது. அவர் அதைப் பார்க்காதவர் மாதிரி துணி மூட்டையைச் சரிசெய்தார்.

"தினமுமா?" என்று அம்மா கேட்டார்.

"போகையில ஒண்ணு, வரையில ஒண்ணு."

"வேற வழி?"

"கம்மாக்கரையைச் சுத்தினா நாலு மைலு. மழைன்னா அதுவும் கிடையாது."

"இறங்காமப் போனா?"

"போன தையில எங்க பங்காளி ஒருத்தன் இறங்காமப் போனான். சைக்கிளைக் கிணத்துல போட்டாங்க. அவன் இப்ப திருப்பூருக்குப் போயிட்டான். நான் எங்க போறது? இந்தக் காலை வச்சுக்கிட்டு எவன் வேலைக்குச் சேப்பான்?"

சாரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். காத்தமுத்து இப்போது அவரைப் பார்த்துப் பேசினார். குரல் உயரவில்லை. ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் சூடாக இருந்தது.

"கலெக்டருக்கு மனு போட்டோம் சார். விசாரிக்க ஒருத்தர் வந்தாரு. தெருவுல கேட்டாரு. அதெல்லாம் ஒண்ணுமில்ல, அவங்களா மரியாதைக்கு இறங்குறதுன்னு சொல்லிட்டாங்க. காலனியில கேட்டாரு. நீங்க அப்படித்தான் சொல்லுவீங்கன்னுட்டாரு. கண்ணால பாத்த வெளியாளு ஒருத்தர் எழுதிக் குடுத்தா மறுபடி எடுக்கிறேன்னாரு. வெளியாளுக்கு எங்க போறது? இந்த ரோட்டுல வர்றவுக எல்லாம் ஏறினபடியே போயிருறாக. நான் இறங்குறது யாரு கண்ணுல படும்? பட்டாலும், களைச்சிட்டியான்னு கேட்டுட்டுப் போயிருவாக."

சார் தொண்டையைச் செருமினார்.

"வருத்தமாத்தான் இருக்குப்பா. ஆனா எல்லாம் ஒருநாள்ல மாறுமா? படிப்பு வரணும். காலம் வரணும்."

"காலம் வரட்டும் சார். அதுவும் இந்தத் தெரு வழியாத்தானே வரணும்."

"நான் ஒரு வரி எழுதினா, அது விசாரணை, சாட்சி, கோர்ட்டுன்னு இழுத்துக்கிட்டே போகும். எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவன் நான். என்னை மறுபடி அதுல இழுக்காதப்பா."

காத்தமுத்து வாய்க்காலில் எச்சிலைத் துப்பினார்.

சார் அம்மா பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது.

"தாயே, கவனிச்சீங்களா? டீக்கடையில கோபம் வந்துச்சு. லாரிக்கு வந்துச்சு. கல்லுக்குக்கூட வந்துச்சு. இந்தத் தெருவுல இவ்வளவு பாத்தேன், கேட்டேன். துளி வரலே. மனசு தெளிஞ்ச தண்ணியா நிக்குது. நீங்க என்னை எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்கன்னு இப்பத்தான் புரியுது."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் பௌர்ணமி வரைக்கும் காத்திருக்கணுமா தாயே? காவி கையிலதானே இருக்கு."

"இருக்கு" என்றார் அம்மா.

கேரியர் கயிற்றை அவிழ்த்தார். காவியை எடுத்து உதறினார். மடிப்புக் கோடு இன்னும் மாறாத புதுக் காவி. சார் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றார்.

அம்மா ஓரத்தைப் பல்லில் கடித்து இழுத்தார். துணி நெடுக்காகக் கிழிந்தது. அந்தச் சத்தம் தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

கீழே உட்கார்ந்தார். காத்தமுத்துவின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"வேண்டாம் தாயி. சாமி துணி. என் காலுல போயி."

"நீட்டுங்க."

"தாயே." சாரின் முகம் சிவந்துவிட்டது. "என்ன காரியம் செய்றீங்க? எனக்குன்னு சாயம் போட்ட காவி அது. மூணு மாசமா அதுக்காகக் காத்துக் கிடக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டீங்களா? இது நியாயமா?"

அம்மா துணியைச் சுற்றிக்கொண்டே கேட்டார். "வந்துருச்சா சார்?"

சார் ஏந்தியிருந்த கையைக் கீழே இறக்கினார்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் காலனிக் கூரைகள் தெரிந்தன. இந்தப் பக்கம் தெரு. வேப்பமரத்தடியில் அந்த மோர் டம்ளர் இன்னும் வைத்த இடத்திலேயே இருந்தது. யாரும் தொடவில்லை.

கட்டு முடிந்தது. காத்தமுத்து ஒற்றைக் காலை ஊன்றி, பாலத்துச் சுவரைப் பிடித்துச் சைக்கிளில் ஏறினார். காலில் காவி. மிதிக்கவில்லை. அவரும் சார் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

சார் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப என்னோட காவி, தாயே?"

அம்மா எழுந்து கையில் ஒட்டியிருந்த ரத்தத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"அது உங்க சட்டைப் பையில இருக்கு சார்."