சூடேறாத கேரட் லாரி

கோத்தகிரியில் லூர்து மேஸ்திரிக்கு ஒரு லாரிப் பட்டறை இருந்தது. அவரிடம் இரண்டு சிஷ்யர்கள். கனகராஜுக்கு வயது நாற்பது, தலையில் பாதி முடி அங்கேயே நரைத்தது. தேவசகாயம் போன மழைக்குக் கரூரிலிருந்து வந்தவர்.

மேஸ்திரி முதுகு ஆபரேஷனுக்குக் கோவை போகவேண்டியிருந்தது. திரும்பி வரும்வரை பட்டறை யார் பொறுப்பில் என்று அவர் சொல்லவில்லை. அது தனக்குத்தான் என்பதில் கனகராஜுக்குச் சந்தேகமே இல்லை.

அன்று உறைபனி. கேரட் லாரி ஓட்டும் போஜன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"காலைல எடுத்தா வெள்ளைப் புகைங்க. இழுவையே இல்ல. எவ்வளவு ஓட்டினாலும் சூட்டு முள்ளு மேல ஏற மாட்டேங்குது."

"இன்ஜெக்டர்தான்" என்றார் கனகராஜ்.

"போன வாரம் நீங்கதானே அதைக் கழட்டிச் சுத்தம் பண்ணுனீங்க? அப்படியேதான் இருக்குது."

மேஸ்திரியும் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, தேவசகாயம் எஞ்சினை ஓடவிட்டார். ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் மேல் ஹோஸில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"இப்பவே வெதுவெதுங்குது. எஞ்சின் சூடாகிற வரைக்கும் இது சில்லுன்னுல்ல இருக்கணும்? உள்ள தண்ணியைப் பிடிச்சு நிறுத்துற வால்வு இல்லைங்க, அண்ணா."

பிரித்தார்கள். தெர்மோஸ்டாட் வால்வு இருக்கவேண்டிய இடம் காலி.

"மலைக்குக் கீழ ஒரு கோடையில எஞ்சின் கொதிச்சுதுன்னு ஒரு மெக்கானிக் கழட்டி வீசினாரு. அது தேவையே இல்லைன்னாரு" என்றார் போஜன்.

"எங்க ஊர் வெயிலுக்கு நாங்களும் அதைத்தான் பண்ணுவோம்" என்று தேவசகாயம் சிரித்தார்.

புது வால்வு போட்டார்கள். முள் ஏறியது, புகை அடங்கியது. போஜன் சந்தோஷமாகக் கிளம்பினார். மேஸ்திரி பட்டறைச் சாவியைத் தேவசகாயத்திடம் கொடுத்தார்.

கனகராஜுக்கு வயிறு பற்றி எரிந்தது. எரியாதா பின்னே? பனியையே பார்க்காத ஊரிலிருந்து வந்தவன்! ஸ்பேனர்களைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு மேஸ்திரி முன்னால் போய் நின்றார்.

"நான் போறேன், அண்ணா. நேத்துப் பெய்த மழையில இன்னைக்கு முளைச்ச காளானுக்குச் சாவி. இத்தனை வருஷம் உங்க கூடக் கிடந்த எனக்கு என்ன குறை? அதை மட்டும் சொல்லுங்க, போயிடுறேன்."

"அந்த ஹோஸ் எப்படி இருந்துச்சு?"

"எந்த ஹோஸ்?"

"தேவசகாயம் கை வச்ச ஹோஸ்."

"அதான் வெதுவெதுன்னு சொன்னானே."

"அவன் சொன்னது எனக்கும் கேட்டுச்சு. நீ தொட்டுப் பார்த்தியா?"

"இல்ல."

"பக்கத்துலதானே நின்ன. என்ன பண்ணிட்டிருந்த?"

கனகராஜ் பையைக் கீழே வைத்தார்.

"உங்க முகத்தைப் பார்த்துட்டிருந்தேன். அவனை மெச்சுறீங்களான்னு."

"மெச்சினேனா?"

"தெரியலைங்கண்ணா. முகத்துல ஒண்ணும் தெரியலை."

"எப்படித் தெரியும்? எனக்கும் உன்னை மாதிரியேதான் வயிறு எரிஞ்சுது. இந்த மலையில இத்தனை காலம் கிடந்த எனக்கு அது தோணலையேன்னு. எரிஞ்சுகிட்டேதான், அவன் கையை எடுத்ததும் நான் என் கையை அங்க வச்சுப் பார்த்தேன்."