நூலகத்துக்கும் சங்கத்துக்கும் நாற்பது கிலோமீட்டர்

ஊமத்தூரில் விவரமான ஆட்களே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஊர் இணையச் சங்கத்தில் மட்டுமே மூன்று பேர் இருந்தார்கள்: வைரக்கண்ணு, மாசிலாமணி, பூச்செண்டு. தொல்லையே அங்கேதான்.

யாழரசியின் எம்.எஸ்சி. விண்ணப்பம் அன்று மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேரவேண்டும். தப்பினால் ஒரு வருடம் வீட்டில் உட்காரவேண்டியதுதான். அந்த ஊரில் செல்போன் பேசவும் குறுஞ்செய்தி வாங்கவும் மட்டுமே உதவும். ஒரே கணினி நூலகத்தில் இருந்தது. அதற்கு நெட், தெருவுக்கு எதிர்ப்பக்கமிருந்த சங்க அறையிலிருந்து கண்ணாடி இழைக் கம்பி வழியாக வரவேண்டும். நூலகத்தில் புது நெட் பெட்டி மாட்டிய நாள் முதல் சிவப்பு விளக்குதான் வந்துகொண்டிருந்தது.

வைரக்கண்ணு கம்பெனி என்ஜினியருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"பெட்டி நல்லாத்தாங்க இருக்கு. நாற்பது கிலோமீட்டர் ஓடிக் களைச்சு வர்ற ஒளியை வாங்கறதுக்குச் செஞ்சது அது. நீங்க எதிர்வாசல்லேருந்து அனுப்பறீங்க, அதுக்குக் கண்ணு கூசுது. கூடவே விரல் நீளத்துக்கு ஒரு அட்டென்யுவேட்டர் அனுப்பியிருக்கேன். நூலகத்துப் பக்கம் அதை மாட்டுங்க. நாற்பது கிலோமீட்டர் தாண்டி வந்த மாதிரி ஆயிடும்."

மாசிலாமணி தன் கூலிங் கிளாசைக் கழற்றிப் பெட்டிக்கு மாட்டி, ரப்பர் பேண்டு போட்டு இறுக்கினான். சிவப்பு மாறவில்லை.

வேறு வழியில்லாமல் அட்டென்யுவேட்டரை எடுத்து மூவரும் ஆராய்ந்தார்கள்.

"இத்தனூண்டு சாமானுக்குள்ள நாற்பது கிலோமீட்டரா?"

"சுருட்டி வச்சிருப்பான்."

"அப்போ ஒளி வந்து சேர நேரமாகுமே. பஸ்ஸுக்கே ஒன்றரை மணி நேரம்."

"அண்ணே, அதுக்குள்ள தூரமெல்லாம் ஒண்ணும் கிடையாது," என்றாள் யாழரசி. இயற்பியல் படித்தவள், தப்பாகப் பேசினால் கடவுளையே விடமாட்டாள். "பத்துல ஒன்பது பங்கு ஒளியைத் தின்னுட்டு ஒரு பங்கை விடும். அவ்வளவுதான்."

பூச்செண்டு அதை மரியாதையோடு பார்த்தான். "பசிக்காதா பின்னே? நாற்பது கிலோமீட்டர்னா சும்மாவா."

அவள் அதைப் பிடுங்கி, கம்பியைக் கழற்றி, நடுவில் செருகி மாட்டினாள். பச்சை எரிந்தது. நாலு நாற்பது.

விண்ணப்பத்தை நிரப்பி முடிக்க நாலு ஐம்பத்துமூன்று ஆகிவிட்டது. கடைசிப் பக்கம் ஓ.டி.பி. கேட்டது. அவள் போன் சங்க அறையில் சார்ஜில் கிடந்தது. எழுந்தாள்.

"எங்கே பாப்பா கிளம்பிட்டே?" என்று தடுத்தான் வைரக்கண்ணு. "சங்கம் இப்ப நாற்பது கிலோமீட்டர்ல இருக்கு. நாலரை பஸ்ஸும் போயிடுச்சு."

"அதோ தெரியுது அண்ணே, சங்கம்."

"மலைகூடத்தான் தெரியுது. தெரியறதெல்லாம் பக்கமா?"

வாதாட நாவு துடித்தது. கடிகாரத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். வயசுப் பெண்ணை அவ்வளவு தூரம் தனியே அனுப்புவது முறையில்லை என்று பூச்செண்டு எலுமிச்சம் சாதப் பொட்டலத்தோடு துணைக்குப் புறப்பட்டான். மற்ற இருவரும் அவர்கள் கண்ணுக்கு மறையும் வரை கையசைத்தார்கள். மறையவே இல்லை. கை வலித்ததுதான் மிச்சம்.

யாழரசி போனோடு திரும்பி ஓடிவந்தபோது நாலு ஐம்பத்தைந்து. பெட்டியில் சிவப்பு. அட்டென்யுவேட்டர் வைரக்கண்ணுவின் உள்ளங்கையில் இருந்தது.

"நீ சீக்கிரம் வந்து சேரணுமேன்னு தூரத்தைக் கழட்டி வச்சோம். பாத்தியா, ஒரே நிமிஷத்துல வந்துட்டே."

அவள் அதைக் கேட்டுக் கையை நீட்டினாள்.

"பொறு பாப்பா. பூச்செண்டு இன்னும் அந்தப் பக்கம் நிக்கிறான். பிள்ளைகுட்டிக்காரன்."

ஜன்னல் வழியே பார்த்தாள். அவன் தெருவோரத்தில் நின்று சாதத்தின் கடைசிக் கவளத்தை நிதானமாக உருட்டிக்கொண்டிருந்தான். "பூச்செண்டு அண்ணே, ஓடி வாங்க," என்று கத்தினாள். "கை கழுவிட்டு வரேன் தாயி," என்றான்.

நாலு ஐம்பத்தெட்டு. பறித்து மாட்டினாள். பச்சை. ஓ.டி.பி. எண்ணை அடித்து அனுப்பினாள். விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று திரையில் வந்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

வைரக்கண்ணு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

நடுத்தெரு வரை வந்திருந்த பூச்செண்டு, ஜன்னலில் பச்சையைக் கண்டதும் அப்படியே நின்றான். முன்னால் பார்த்தான், பின்னால் பார்த்தான். பிறகு போனை எடுத்து வீட்டுக்குப் பேசினான்.

"எனக்காகச் சோறு வைக்காதே. பாதி வழியில மாட்டிக்கிட்டேன். இன்னும் இருபது கிலோமீட்டர் இருக்கு."