சங்கையா சொன்ன ‘எடுப்பாக’

கொஞ்சம் காதைக் கொடுத்துக் கேளுங்கள். கடைசியில் தீர்ப்பு உங்களிடம்தான் வந்து நிற்கப்போகிறது. அப்போது நழுவக் கூடாது.

பேராசிரியை மரகதவல்லி மானிடவியல் படித்தவர். ஊர்ச் சடங்குகளைப் பார்த்து அவற்றின் உட்பொருளை எழுதுவது அவர் வேலை. பதினைந்து வருடத்துக்கு முன்பு செம்பொட்டலூருக்கு முளைப்பாரி பார்க்கப் போனார். அங்கே மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் திருவிழா. விதை முளைத்த பானைகளைப் பெண்கள் தலையில் ஏந்தி, அம்மன் கோயிலிலிருந்து கண்மாய்க்குப் போவார்கள். முன்னால் போகும் பானைக்கு முதல் பாரி என்று பெயர். அதைச் சுமப்பது சின்னப் பெருமை இல்லை.

“முதல் பாரி யாருங்க எடுக்கிறது?” என்று பூசாரி சங்கையாவிடம் கேட்டார்.

“பேச்சியம்மா வீட்டுல எடுப்பாக” என்றார் சங்கையா.

எடுத்தார்கள். மரகதவல்லி கண்ணாரப் பார்த்தார். பேச்சியம்மாளுக்கு ஐந்து பெண்கள் என்று தெரிந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. பெண் பெருகிய வீட்டுக்கே பயிர் பெருக்கும் உரிமை என்று இருபது பக்கம் எழுதித் தள்ளினார். ‘முதல் பாரியைப் பேச்சியம்மாள் வீட்டாரே எடுப்பார்கள்’ என்பது அதன் முதல் வரி. புத்தகம் வந்தது, பரிசும் வாங்கியது. ஊருக்கும் ஒரு பிரதி அனுப்பிவைத்தார்.

இந்த வருடத் திருவிழாவுக்கு மறுபடி போனார். பேருந்தை விட்டு இறங்கியதும் இருளாயி என்ற பெண் வழிமறித்தாள்.

“எங்க வீட்டுல என்ன குத்தங் கண்டீக, டீச்சரம்மா?”

விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. முதல் பாரி தலைமுறை தலைமுறையாக இருளாயி வீட்டுடையது. மரகதவல்லி முதலில் வந்த வருடம் இருளாயியின் மாமனார் இறந்துபோனார். சாவு விழுந்த வீடு ஒரு வருடம் கோயில் காரியத்தில் சேராது. இருளாயியே பேச்சியம்மாள் வாசலுக்குப் போய், “இந்தத் தடவை எங்களுக்குப் பதிலா நீ எடு மதினி” என்று கேட்டுக்கொண்டாள். பூசாரி சொன்ன ‘எடுப்பாக’ அந்த ஒரு தடவைக்கான பதில். நம் பேராசிரியையோ அதை என்றைக்குமான வழக்கம் என்று காதில் வாங்கிக்கொண்டார். நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தானே, யாரைப் போய் நோவது?

அடுத்த திருவிழாவில் புத்தகத்தை ஊர்க்கூட்டத்தில் வாசித்தார்கள். “படிச்சவுக பழைய செப்பேடு எதையாச்சும் பாத்துத்தான் எழுதியிருப்பாக” என்று பூசாரியே நம்பிவிட்டார்; ஊரும் முதல் பாரியைப் பேச்சியம்மாளிடமே கொடுத்தது. இருளாயியும் எழுதியதை நம்பினாள். தன் வீட்டின் மேல் ஏதோ பழைய குற்றம் இருக்கிறது என்று நினைத்து, அதிலிருந்து நாலு திருவிழாவிலும் கடைசி வரிசையில் நடந்தாள்.

இப்போது கூட்டம் மறுபடி கூடியது. பேச்சியம்மாள் எழுந்தாள். “நான் பறிக்கலை. ஊரு கொடுத்துச்சு, எடுத்தேன். நாலு தடவையும் விரதத்துல ஒரு குறை வைக்கலை. இப்ப எறக்கிவிட்டா ஊரு என்னய என்ன பேசும்?”

“ஆத்தாளும் ஏத்துக்கிட்டாளே. கண்மாய் ஒரு வருசம் வத்தலை” என்றார் பூசாரி.

இருளாயி மரகதவல்லியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எழுதுனவுக நீங்க. நீங்களே சொல்லிப்புடுங்க” என்றது கூட்டம். மரகதவல்லியை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊர்வலம் கிளம்ப ஒரு மணி நேரம்தான் இருந்தது.

சரி, சொல்லுங்கள். பழைய உரிமை ஒரு பக்கம், நாலு தடவை சுமந்த விரதம் ஒரு பக்கம். முதல் பாரி யார் தலையில் ஏற வேண்டும்? யாரையும் தலைகுனிய வைக்காமல் அதை எப்படிச் செய்வது?

விடை: இருளாயி தலையில். ஊர் கொடுத்தது புத்தகத்தை நம்பி. புத்தகத்துக்கு அதைக் கொடுக்கப் பாத்தியதை ஏது? கொடுத்தவள் இருளாயி, அதுவும் ஒரு தடவைக்கு. ஆனால் கேட்டுக் கொடுத்த பொருளைப் பிடுங்கக் கூடாது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். மரகதவல்லி எழுந்து, “குத்தம் இருளாயி வீட்டுல இல்ல, என் காதுல” என்றார். இருளாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “குடு மதினி” என்று கேட்டாள். பேச்சியம்மாள் தன் கையாலேயே பானையைத் தூக்கி அவள் தலையில் வைத்தாள். மரகதவல்லியின் கை தானாகப் பைக்குள் நோட்டைத் தேடியது. பேச்சியம்மாள் அதைப் பார்த்துவிட்டாள்.

“எழுதுங்க டீச்சரம்மா. ‘இந்த வருசம்’னு போட்டு எழுதுங்க.”