காட்டுமாட்டுக்கு மூன்று நாள்

பொலியன் முதன்முதலாக வில்லைத் தொட்டது நாற்பத்தைந்தாவது வயதில்.

அதுவரைக்கும் அவன் வலைக்காரன். கவுதாரி, காடை, முயல், இவ்வளவுதான் அவன் வேட்டை. புல்வெளியின் ஒரு முனையில் வலையைக் கட்டிவிட்டு அவன் பதுங்கியிருப்பான். மறுமுனையிலிருந்து அவன் மனைவி மருதி ஒரு கோலால் புல்லைத் தட்டித் தட்டி வருவாள். கவுதாரிகள் அவளுக்குப் பயந்து ஓடிவந்து வலையில் விழும். இருபத்திரண்டு வருஷம் அப்படியே நடந்தது.

ஓர் ஐப்பசி மழையில் மருதிக்குக் காய்ச்சல் கண்டது. நாலாம் நாள் போய்விட்டாள். பிள்ளைகள் கிடையாது.

பொலியன் இரண்டு மாதம் காட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. பிறகு ஒருநாள் மலையிறங்கிப்போய், அடிவாரத்தில் வில்லும் அம்பும் செய்கிற கொல்லர் மாடையனின் பட்டறை வாசலில் நின்றான்.

"உனக்கு எதுக்குப்பா வில்லு? நீ வலைக்காரனாச்சே" என்றார் மாடையன்.

"வலைக்கு ரெண்டு பேர் வேணும்" என்றான் பொலியன்.

கொல்லர் உள்ளே போய் ஒரு மூங்கில் வில்லை எடுத்து வந்து கொடுத்தார். பொலியன் நாணை இழுத்துப் பார்த்தான். பாதி தூரம்கூட வரவில்லை.

"பழகப் பழக வரும். இது மானுக்குப் போதும்."

வாழைமரத்தில் அடித்து அடித்துப் பழகினான். தோள்பட்டை வீங்கியது. விரல் நுனிகள் காய்த்துப்போயின. அடுத்த பங்குனியில் ஒரு புள்ளிமான் விழுந்தது.

அதைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் தன் ஊரான கொம்பைக்காட்டுக்குள் நுழைந்தபோது ஊரே வாசலுக்கு வந்தது. மொத்தம் பதின்மூன்று வீடு. அவன் குடிசைக்கு முன்னால் யாரோ தீ மூட்டினார்கள். யாரோ உப்பும் மிளகும் கொண்டுவந்தார்கள். எங்கே நின்றாய், எவ்வளவு தூரம், எங்கே பட்டது என்று கேட்டார்கள். பொலியன் சொன்னான். கேட்டவர்களுக்காக இன்னொரு முறையும் சொன்னான். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் எழுந்து போனார்கள்.

மறுநாள் காலையில் முற்றத்தில் சாம்பலும் எலும்பும் கிடந்தன. ஒரு சத்தம் இல்லை. முந்தின நாட்களிலும் சத்தம் இல்லைதான். ஆனால் அன்றைக்கு அது தாங்க முடியாததாக இருந்தது.

மறுபடியும் கொல்லரிடம் போனான். காட்டுப்பன்றிக்கு ஏற்ற வில் வேண்டும் என்றான். அகன்ற இரும்பு முனை வைத்த அம்புகள் வேண்டும் என்றான். அடுத்த இரண்டு வருஷத்தில் ஐந்து பன்றிகள் அடித்தான். ஒரு பன்றி அவன் கெண்டைக்காலைக் கிழித்துவிட்டுத்தான் செத்தது. அதிலிருந்து கொஞ்சம் விந்தி விந்தி நடந்தான்.

மூன்றாவது முறை அவன் போனபோது மாடையன் ஆச்சா மரத்தில் செய்த கனத்த வில் ஒன்றைச் சுவரிலிருந்து இறக்கினார். உடனே கொடுக்கவில்லை.

"இது காட்டுமாட்டுக்கு. இது மாதிரி ரெண்டு வில்லு செஞ்சு குடுத்திருக்கேன். வாங்கிட்டுப் போன ரெண்டு பேர்ல ஒருத்தன் திரும்பி வரலை. உனக்குக் காலும் சரியில்லை."

"குடுங்க" என்றான் பொலியன்.

கொம்பைக்காட்டுக்கு மேலே, ஒரு நாழிகை நடையில் ஒரு சுனை இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கிருந்தோ வந்த ஒரு துறவி அதன் பக்கத்துப் பாறையிடுக்கில் தங்கிவிட்டார். ஊரார் அவரைச் சுனைச்சாமி என்றார்கள். பொலியனைவிடப் பத்து வயது சிறியவர். அதனால் அவனை அவர் அண்ணே என்றுதான் கூப்பிடுவார். பொலியன் பத்து நாளைக்கு ஒருமுறை ஒரு கட்டு விறகைக் கொண்டுபோய் இறக்குவான். ஏதாவது ஒன்று கேட்பான். பதிலை வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவான். அவனுடைய சீடத்தனம் அவ்வளவுதான்.

அன்று விறகோடு புது வில்லும் இருந்தது.

"சாமி, ஒரு சந்தேகம்."

"கேளுங்க அண்ணே."

"காட்டுமாட்டை ஒத்தை ஆளா அடிக்க முடியுமா?"

சாமி வில்லைப் பார்த்தார்.

"அடிச்சு?"

"ஊரைக் கூப்பிடுவேன்."

"வருவாங்களா?"

"கறி இருந்தா வராம என்ன?"

"வந்தா எவ்வளவு நேரம் இருப்பாங்க?"

இதற்குப் பொலியன் யோசிக்கவே இல்லை.

"மானுக்கு ஒரு பொழுது. பன்னிக்கு ஒரு நாள். காட்டுமாடுன்னா வெட்டணும், சுடணும், உப்புக்கண்டம் போடணும். மூணு நாள் ஆகும். மூணு நாளும் இருப்பாங்க."

சொன்ன பிறகுதான் தன் குரல் தன் காதில் விழுந்ததுபோல அவன் தலையைக் குனிந்துகொண்டான். காலால் ஒரு சுள்ளியைத் தள்ளினான்.

"கேட்டதுக்குச் சாமி பதில் சொல்லலியே."

சாமி எழுந்தார். சுரைக்குடுக்கையைச் சுனையில் முக்கி நிரப்பினார். சாமை அரிசியை ஒரு துணியில் முடிந்துகொண்டார்.

"நானும் வர்றேன்."

"சாமிக்குக் கறி ஆகாதே."

"ஆகாது. நடக்க ஆகும்."

வெயில் காலத்தில் காட்டுமாடுகள் இறங்கிவரும் சதுப்பு ஒன்று அரைநாள் நடையில் இருந்தது. அங்கே அடித்துப் போட்டுவிட்டு ஓடிவந்து ஊரைக் கூட்டிப்போவது பொலியனின் திட்டம். போய்ப் பார்த்தால் சதுப்பு காய்ந்து வெடித்திருந்தது. சேற்றில் பதிந்து காய்ந்த குளம்படிகள் மேற்கே போயின.

"நாளைக்கு எட்டிப் பிடிச்சிடலாம்" என்றான்.

மறுநாளும் அதையே சொன்னான். அதற்கு மறுநாளும்.

நடக்கும்போது பொலியன் பேசிக்கொண்டே வந்தான். வில்லைப் பற்றி, காற்றைப் பற்றி, பன்றி எந்தப் பக்கம் திரும்பும் என்பதைப் பற்றி. சாமி கேட்டுக்கொண்டே வந்தார்.

"கறி போடறப்ப முதல் ஆளா வர்றது யாரு தெரியுமா சாமி? கீழ்வீட்டு நஞ்சன். வயித்துக்கு ஆகாதுன்னு வைத்தியர் சொல்லி அவன் கறியை விட்டு வருஷம் ரெண்டாச்சு. ஆனாலும் வந்து தீயோரமா உக்காந்துக்குவான். எல்லாரும் போனப்புறம்தான் எந்திரிப்பான்."

"எதுக்கு வர்றார்?"

"யாருக்குத் தெரியும்? நான் கேட்டதில்லை."

ஐந்தாம் நாள் காலை, சோலையின் ஓரத்தில் ஒற்றைக் காட்டுமாடு ஒன்று நின்றது. கிழட்டுக் காளை. ஒரு கொம்பின் நுனி உடைந்திருந்தது. கூட்டம் எதுவும் பக்கத்தில் இல்லை.

காற்று எதிரே வந்தது. பொலியன் வயிற்றால் ஊர்ந்து போனான். இருபது அடி தூரத்தில் முழங்காலில் எழுந்தான். நாணைக் காதுவரை இழுத்து விட்டான். அம்பு தோளுக்குப் பின்னால் இறகுவரை புதைந்தது.

காளை ஓடவில்லை. அவனை நோக்கித் திரும்பிப் பாய்ந்தது. பொலியன் பக்கவாட்டில் உருண்டான். ஒரு குளம்பு அவன் காதோரம் மண்ணைத் தோண்டிப்போட்டது. வில் இரண்டாக முறிந்தது. காளை அதே வேகத்தில் சோலைக்குள் நுழைந்து மறைந்தது.

அவன் எழுந்து உட்காரும்வரை சாமி காத்திருந்தார். பிறகு இருவரும் ரத்தம் சொட்டிய வழியே நடந்தார்கள்.

உச்சிப்பொழுதில் ஓர் ஓடைக்கரையில் அது கிடந்தது. மூச்சு இன்னும் இருந்தது. நாக்கு தண்ணீரை எட்டவில்லை. சாமி மண்டியிட்டு, குடுக்கையிலிருந்து அதன் வாயில் தண்ணீர் ஊற்றினார். கொஞ்சம் உள்ளே போனது. கொஞ்சம் வழிந்தது. பிறகு அடங்கிவிட்டது.

பொலியன் அதைச் சுற்றிவந்தான். படுத்துக் கிடந்தபோதே அவன் இடுப்புயரம் இருந்தது. முதுகில் கை வைத்துப் பார்த்தான். இன்னும் சூடாக இருந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"பாத்தீங்களா? எவ்வளவு பெரிசு, பாத்தீங்களா?" என்று கத்திக்கொண்டே திரும்பினான்.

மரங்கள் நின்றன. ஓடை ஓடியது. சாமி கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

சிரிப்பு நின்றது. ஊருக்கு நேர்வழியில் போனாலும் மூன்று நாள். ஆட்களோடு திரும்பி வர இன்னொரு மூன்று நாள். இந்த வெயிலில் கறி நாளை சாயங்காலம்வரைகூடத் தாங்காது. அதற்குள்ளாகவே மேலே கழுகுகள் வட்டமிடத் தொடங்கியிருந்தன.

பொலியன் ஓடைக்கு மேலிருந்த பாறையில் விந்தி விந்தி ஏறினான். கிழக்கே பார்த்து நின்றான். இரண்டு கைகளையும் வாயருகே குவித்தான்.

"நஞ்சா! ஏ நஞ்சா!"

மலை அந்தப் பெயரைத் திருப்பிக் கொடுத்தது.

"கோணையா! வீராயி! ஏ கொடும்பா, வாடா!"

மூன்று நாள் நடைக்கு அப்பால் குரல் எட்டாது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் கத்தினான். பதின்மூன்று வீட்டுப் பெயர்களையும் ஒன்றுவிடாமல் கூப்பிட்டான். தொண்டை கம்மியது. பெயர்கள் தீர்ந்த பிறகும் வாய் நிற்கவில்லை.

"மருதீ..."

அது கத்தலாக வரவில்லை. ஆனாலும் மலை அதையும் திருப்பிக் கொடுத்தது.

மூன்று வருஷமாக அந்தப் பெயர் யார் வாயிலிருந்தும் அவன் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை. அப்படியே பாறைமேல் உட்கார்ந்தான்.

சாமி மெல்ல ஏறிவந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணே, கடைசியாக் கூப்பிட்டது யாரை?"

"என் வீட்டுக்காரி."

"ரெண்டு வருஷமா விறகு கொண்டு வர்றீங்க. இப்பத்தான் அந்தப் பேரைக் கேக்கறேன்."

பொலியன் விரலால் பாறையைக் கீறிக்கொண்டிருந்தான்.

"ஊருக்குக் கறி போட்டீங்களே, அப்பல்லாம் என்ன பேசினீங்க?"

"வேட்டையைத்தான். எங்க நின்னேன், எப்படி அடிச்சேன்னு."

"வீட்டுக்காரம்மாவைப் பத்தி?"

பொலியன் இல்லையென்று தலையாட்டினான். கண்ணைத் துடைக்கவில்லை. முகம் முழுக்க நனைந்திருந்தது.

"கறி திங்க வந்தவங்ககிட்டப் போய் அதை எப்படிச் சாமி சொல்றது?"

கீழே முதல் கழுகு இறங்கி, காளையின் அருகே தத்தி நடந்தது. சாமி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவன் பக்கம் திரும்பினார்.

"கறி திங்கத்தான் வந்தாங்கன்னு உங்ககிட்ட யார் சொன்னது அண்ணே?"