காய் விழாத இலை

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயரைச் சொன்னால் யாராவது கிளம்பிப்போய் விசாரிப்பார்கள் என்பதால் பெயர் வேண்டாம். அந்த நாட்டை ஆண்ட வச்சிரபாகு மன்னருக்கு முழங்கால் வலி. வைத்தியர் வந்தார். நாடியைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், மன்னரின் வயிற்றைச் சற்று அதிக நேரம் பார்த்தார்.

"அரசே, இனி மாலைச் சாப்பாட்டில் அரை இலை காய்கறி இருக்க வேண்டும். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். தவறினால், தங்களைச் சுமக்கும் யானைக்கும் நான் வைத்தியம் பார்க்க வேண்டி வரும்."

மகாராணி அந்த இடத்திலேயே மன்னரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

மன்னர் மாலையில் குடும்பத்தோடு உட்கார்ந்துதான் சாப்பிடுவார். ஒரு பக்கம் மகாராணி, மறுபக்கம் இளவரசிகள் இருவர். கதவருகே அரசவை விகடகவி குப்பாண்டி நின்று ஏதாவது பேசிச் சிரிக்க வைப்பான். இது உக்கிராணத் தலைவர் மகரபூஷணத்துக்குப் பிடிக்காது. அரண்மனைக்கு வரும் அரிசி பருப்பு, காய் கனி எல்லாம் அவர் கை வழியாகத்தான் சமையற்கட்டுக்குப் போகும். அப்படிப்பட்ட தமக்கு இலையைச் சோதித்துவிட்டு ஓரமாக நிற்கத்தான் இடம், வெறும் வாயை வைத்துப் பிழைக்கிறவனுக்கு மன்னரோடு பேசிச் சிரிக்க இடமா என்று அவர் மனம் புழுங்கிக்கொண்டிருந்தார்.

வைத்தியர் சொன்ன நாளிலிருந்து உக்கிராணத்திலிருந்து சுரைக்காய் வந்தது. மறுநாளும் சுரைக்காய். அப்போது அதுதான் மலிவு. பதினோராம் நாள் மன்னர் இலையைப் பார்த்தார். இலை மன்னரைப் பார்த்தது. பெரிய இளவரசி தன் பங்கைச் சத்தமில்லாமல் தங்கையின் இலைக்குத் தள்ளினாள். தங்கை அதைத் திருப்பித் தள்ளினாள்.

மன்னர் எழுந்துவிட்டார்.

"இனி என் இலையில் ஒரு காயும் விழக் கூடாது! விழுந்தால், போட்டவர் எவராயிருந்தாலும் எல்லை தாண்ட வேண்டும்!"

"சத்தியம்?" என்றார் மகாராணி, தலை நிமிராமல்.

மன்னர் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். மன்னர்கள் யோசித்தால் மற்றவர்களுக்குத்தான் கஷ்டம்.

"சரி. காய்கறி இருக்கட்டும். காய் இருக்கக் கூடாது. நேற்று வந்தது இன்று வரக் கூடாது. இந்தப் பெண்கள் இருவரும் மிச்சம் வைக்காமல் தின்ன வேண்டும். எப்படி என்று என்னைக் கேட்க வேண்டாம். நான் மன்னன், சமையல்காரன் அல்ல."

கதவருகே குப்பாண்டியின் மூக்கிலிருந்து சிறு சத்தம் வந்தது. சிரிப்பை அடக்கும்போது வரும் சத்தம். மகரபூஷணம் அதற்காகத்தான் வருஷக்கணக்கில் காத்திருந்தார்.

"அரசே, விகடகவி சிரிக்கிறார். வழி தெரிந்தவர்தான் சிரிப்பார். இந்தப் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தால் என்ன? தவறினால் அவரும் சமையல்காரியோடு சேர்ந்து எல்லை தாண்டட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் மன்னர்.

மறுநாள் குப்பாண்டி சமையற்கட்டுக்குப் போனான். தான் போவதுகூடப் பரவாயில்லை. தன் மூக்குச் சத்தத்துக்காக, இருபது வருஷமாக அரண்மனை அடுப்பில் வெந்துகொண்டிருக்கும் ஆவுடைத்தாயும் ஊரைவிட்டுப் போவதா? அவளிடம் எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. ஆனால் சேதி அவனுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது.

"ஏண்ணே, உங்க மூக்கு சும்மா இருக்காதா?" என்றாள் ஆவுடைத்தாய். "காயில்லாம காய்கறியாம்! நீங்க வாயால செஞ்சிருவீங்க. கையால செய்யுறது யாரு?"

"கோபப்படாதே தாயி. உக்கிராணத்திலிருந்து என்ன வந்திருக்கிறது?"

"பாருங்க. புடலங்காய், பீர்க்கங்காய், அவரைக்காய், வாழைக்காய். நேத்து வரைக்கும் ஒத்தச் சுரைக்காய்க்குப் பஞ்சம் பாடின மனுசன், இன்னிக்கு வண்டி வண்டியா அனுப்பியிருக்காரு. அத்தனையும் காயி."

குப்பாண்டி முக்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். ஆவுடைத்தாய் அழவில்லை. வேலைக்காரர்களின் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதால், புலம்பிக்கொண்டே முறத்தை எடுத்து எதையோ ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அது என்ன?" என்றான் குப்பாண்டி.

"முருங்கைக்கீரை. பின்கட்டு மரத்துல பறிச்சது. நம்ம ஆளுங்களுக்கு."

"அது காயா?"

ஆவுடைத்தாய் அவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பார்த்தாள். "கீரை எப்படிண்ணே காயாகும்?"

"வாழைத்தண்டு?"

"தண்டு தண்டுதான்."

"சேனை?"

"அது கெழங்கு."

"பரங்கிக் கொடியில் பூக்கிறதே?"

"அது பூவு. பேர்லயே இருக்கே." சொல்லிக்கொண்டே வந்தவள், கையை அப்படியே நிறுத்தினாள். கீரைக் காம்பு அவள் விரலிலேயே நின்றது.

"அண்ணே" என்றாள் மெல்ல. "காய்கறியில பாதிக்கு மேல காயே இல்லண்ணே!"

அன்று மாலை மன்னரின் இலையில் முருங்கைக்கீரையும் பாசிப்பருப்பும் சேர்ந்த பொரியல் விழுந்தது. மகரபூஷணம் எட்டிப் பார்த்தார். காய் இல்லை. மறுநாள் வாழைத்தண்டைப் பொடியாக நறுக்கித் தயிரில் போட்ட பச்சடி. அதற்கு மறுநாள் மிளகு தூவி வறுத்த சேனை. பரங்கிப்பூவை மாவில் தோய்த்து, எண்ணெயில் பொரிக்காமல் தோசைக்கல்லில் வாட்டி வைத்தபோது, சின்ன இளவரசி அக்காவின் இலையிலிருந்து இரண்டை எடுத்துவிட்டாள். அரண்மனையில் காய்கறிக்காக நடந்த முதல் திருட்டு அது. முளைகட்டிய பயறு ஒருநாள், சிறுகீரை மசியல் ஒருநாள், மழை பெய்த மறுநாள் காளான். சேப்பங்கிழங்கைப் புளியில் ஒருமுறையும் மோரில் ஒருமுறையும் செய்து, இரண்டும் ஒன்றே என்று யாரும் சொல்லாதபடி பார்த்துக்கொண்டாள் ஆவுடைத்தாய். கீரையும் கிழங்கும் பூவும் பின்கட்டுத் தோட்டத்திலிருந்தே வந்தன; உக்கிராணத்துக் காய்களை வேலைக்காரர்கள் தின்று மினுமினுத்தார்கள்.

மாலை ஆனால் "இன்றைக்கு என்ன?" என்று இளவரசிகள் பந்தயம் கட்டத் தொடங்கினார்கள். மன்னரும் கேட்டார். ஆனால் அரசாங்க விஷயத்தை விசாரிக்கும் குரலில் கேட்டார்.

இருபத்து மூன்றாம் நாள் மகரபூஷணம் சபையில் எழுந்தார்.

"அரசே, ஆணை மீறப்படுகிறது. நேற்றைய வாழைப்பூப் பொரியலில் தேங்காய் இருந்தது. பெயரிலேயே காய்!"

சபை குப்பாண்டியைப் பார்த்தது. குப்பாண்டி கைகட்டி நின்றான்.

"அரசே, அது நன்றாக முற்றித் தானாக விழுந்த நெற்று. காயாக இருந்த நாளெல்லாம் அது மரத்திலேயே இருந்தது. தங்கள் இலைக்கு வரும்போது நெற்றாகத்தான் வந்தது."

"மிளகாய்?"

"சிவந்தால் அதைத் தோட்டத்தில் மிளகாய்ப்பழம் என்பார்கள். உலர்ந்தால் வற்றல் என்பார்கள். நடுவில் அது காயாக இருந்த காலத்தில் சமையற்கட்டுக்கும் அதற்கும் பழக்கம் இல்லை."

"முந்தாநாள் பரங்கி!"

"பழுத்திருந்தது, அரசே. பரங்கிப்பழம்."

மகரபூஷணத்தின் குரல் கிறீச்சிட்டது. "பெருங்காயம்! அதற்கு என்ன சொல்கிறான்?"

"காயம் என்றால் உடம்பு என்பார்கள், புண் என்பார்கள். காய் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. வைத்தியரையே கேட்கலாம்."

வைத்தியர், புண்ணைத் தாம் ஒருநாளும் காய் என்று அழைத்ததில்லை என்று சாட்சி சொன்னார். மன்னர் மீசையைத் தடவினார். தடவிய கை, வாயை மறைப்பதற்கு வசதியாக அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

நாற்பத்தெட்டாம் நாள் வந்தது. மன்னர் அன்று காலை கோபுரத்தின் எண்பது படிகளையும் யாருடைய தோளையும் பிடிக்காமல் ஏறி இறங்கியிருந்தார். ஆவுடைத்தாய் பொன்னாங்கண்ணிக் கீரையைப் பருப்போடு கடைந்து, அரை இலை நிறையப் பரிமாறினாள். மன்னர் உட்காருவதற்கு முன் இலையைச் சோதிப்பது உக்கிராணத் தலைவரின் உரிமை. அன்றைக்கு அவர் சற்றுக் குனிந்தே சோதித்தார்.

மன்னர் பிசைந்தார். இரண்டாம் கவளத்தில் கை நின்றது. கீரைக்குள்ளிருந்து ஒரு சின்னக் கத்தரிக்காயை வெளியே எடுத்தார். எண்ணெயில் வதங்கி, காம்போடு இருந்தது.

ஆவுடைத்தாயின் கையிலிருந்த கரண்டி நழுவித் தரையில் விழுந்தது.

"காய்!" என்றார் மகரபூஷணம். "அரசே, கடைசி நாளில் காய்!"

"நான் போடல, மகராசா" என்றாள் ஆவுடைத்தாய். "சத்தியமா என் சட்டியில கத்தரியே கெடையாது."

போட்டது யார் என்று குப்பாண்டிக்குத் தெரியும். ஆனால் பார்த்தவர் யாரும் இல்லை. விகடகவி பேச்சை நம்பி உக்கிராணத் தலைவரை யார் குற்றம் சொல்வார்கள்? மெல்ல இலையருகே போய்க் குனிந்து பார்த்தான். பெருமூச்சு விட்டு நிமிர்ந்தான்.

"நல்லவேளை. பயந்துவிட்டேன், அரசே. இது காய் இல்லை. பிஞ்சு."

"பிஞ்சா?" என்றார் மகரபூஷணம்.

"பிஞ்சுதான். எவ்வளவு சின்னதாக இருக்கிறது! காய்க்கு முந்தின நிலை பிஞ்சு. ஆணையில் பிஞ்சைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அரசர் தாராளமாகச் சாப்பிடலாம்."

"யாரை ஏமாற்றுகிறாய்?" மகரபூஷணம் பதறினார். இத்தனை நாள் வார்த்தையில் வழுக்கிப்போன மீன் கடைசி நாளிலும் வழுக்கப் பார்க்கிறதே என்ற பதற்றம். "அரசே, இது ஜாதியே சின்னக் கத்தரி. முற்றினாலும் இவ்வளவுதான் வளரும். உள்ளே விதை கட்டியிருக்கும், பிட்டுப் பாருங்கள்!"

"விதையா? இந்தப் பச்சைப் பிஞ்சிலா? உங்களுக்கு எப்படித் தெரியும், ஐயா?"

"எப்படித் தெரியுமா? செடியில் இருந்த பிஞ்சையெல்லாம் ஒதுக்கிவிட்டு, தடவித் தடவிப் பார்த்து, முற்றின காயாக இன்று காலை நானே என் கையால்…"

மகரபூஷணம் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். மேலே சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

மன்னர் கத்தரிக்காயைப் பிட்டார். உள்ளே விதை கட்டியிருந்தது.

"காய்தான்" என்றார் மன்னர். "உக்கிராணத் தலைவர் பொய் சொல்லவில்லை."

முதலில் மகாராணிதான் சிரித்தார். பிறகு மன்னர் சிரித்த சிரிப்பில் விளக்குச் சுடர்கள் ஆடின. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் மகரபூஷணத்தைப் பார்த்தபோது, முகத்தில் சிரிப்பு பாதி குறைந்திருந்தது.

"போட்டவர் எவராயிருந்தாலும் எல்லை தாண்ட வேண்டும். ஆணை ஆணைதான்."

மகரபூஷணம் இரு கைகளையும் கூப்பினார். அதைப் பார்க்கக் குப்பாண்டிக்கு இன்பமாக இருக்கவில்லை. அதே பயத்தை இத்தனை நாள் அவன் சுமந்திருந்தான்.

"அரசே" என்றான். "எல்லை என்றுதான் சொன்னீர்கள். எந்த எல்லை என்று சொல்லவில்லை. உக்கிராணத் தலைவர் சமையற்கட்டின் எல்லையை இதுவரை தாண்டியதே இல்லை. அதைத் தாண்டி ஒரு மண்டலம் உள்ளே இருந்தால் ஆணையும் நிறைவேறும், ஆவுடைத்தாய்க்கும் ஒரு கை உதவியாக இருக்கும்."

மன்னருக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. ஆவுடைத்தாய்க்கு அங்கேயே பொன்வளை கிடைத்தது. இனி என்ன சமைப்பது என்பதை அவளே முடிவு செய்வாள், உக்கிராணம் அவள் கேட்டதைக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவும் பிறந்தது. குப்பாண்டிக்குக் கதவருகே நிற்கும் வேலை போயிற்று. ஐந்தாவது இலை போட்டு, தங்களோடு உட்காரச் சொல்லிவிட்டார் மகாராணி.

மறுநாள் மாலை சமையற்கட்டில் வாழைப்பூ குவிந்திருந்தது. பட்டு அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு மகரபூஷணம் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, ஒவ்வொரு பூவுக்குள்ளயும் ஈர்க்குச்சியாட்டம் ஒரு நரம்பு இருக்கும்" என்றாள் ஆவுடைத்தாய். "அதுக்குக் கள்ளன்னு பேரு. வேகாது. ஒவ்வொண்ணா உருவிப் போட்டுருங்க."

மகரபூஷணம் உருவினார். விரலெல்லாம் பூவின் கறை ஏறிக் கறுத்தது.

உள்ளே சாப்பிட உட்கார்ந்த மன்னர் கேட்டார்: "குப்பாண்டி, நம் உக்கிராணத் தலைவர் எப்படி இருக்கிறார்?"

குப்பாண்டி முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் தன் இலையில் தண்ணீர் தெளித்தான்.

"பார்த்துவிட்டுத்தான் வருகிறேன், அரசே. கையும் கள்ளனுமாக இருக்கிறார்."

மன்னர் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. மகாராணி அவர் தலையைத் தட்டினார். மூச்சு திரும்பியதும் மன்னர் தம் விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றிக் குப்பாண்டியின் இலையோரம் வைத்தார். நாற்பத்தெட்டு நாளில் விரல் இளைத்திருந்ததால் மோதிரம் சுலபமாகக் கழன்று வந்தது.