உமரித்திட்டுக்குப் போகும் வழி

“நான் வரைஞ்ச வழியில நடந்து ரெண்டு உயிர் போயிடுச்சும்மா” என்றார் தணிகாசலம்.

“மூணு” என்றார் நாச்சியாரம்மாள்.

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார்.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. அவர் குருவாக ஏற்றிருந்த நாச்சியாரம்மாளுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. சதுப்பின் விளிம்பில் தனியாக இருந்தார்.

ஆறு கடலைத் தொடாமல் சேற்றிலேயே அடங்கிவிடும் பூமி அது. கூப்பிடு தூரத்தில் அடுத்த வீடு கிடையாது. திட்டுக்கு ஒரு குடும்பம்; பாதித் திட்டுகளில் அதுவும் இல்லை. எங்கே கால் ஊன்றலாம், எங்கே புதைகுழி என்று பன்னிரண்டு வருடம் நடந்து படமாக வரைந்தவர் தணிகாசலம்.

உமரித்திட்டில் பூங்காவனத்துக்குப் பிரசவ வலி கண்டது. புருஷன் அந்தப் படத்தைப் பார்த்து, கரையிலிருக்கும் மருத்துவச்சியிடம் அவளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டான். போன மழையில் ஆறு திரும்பியிருந்தது. படத்தில் கெட்டி நிலமாக இருந்த இடத்தில் இருவரும் புதைந்துபோனார்கள்.

மாறாத நிலம் என்று இங்கே ஒரு முழமாவது உண்டா என்று தணிகாசலம் கேட்டார். இல்லையென்றால் இனி ஒரு கோடும் போடமாட்டேன், இப்படியே கிடந்து செத்துப்போகிறேன் என்றார்.

நாச்சியாரம்மாள் எழுந்து சதுப்புக்குள் இறங்கினார். தணிகாசலம் பின்னால் போனார்.

கழியால் குத்திப் பார்த்துப் பார்த்து நடந்தார்கள். பழைய வழி எங்குமே இல்லை. இரண்டு இடத்தில் தணிகாசலம் இடுப்பளவு புதைந்தார். இரண்டாவது முறை அவர் வெளியே வர முயலவே இல்லை. அம்மாள்தான் இழுத்துப் போட்டார்.

வெயில் சாயும்போது உமரித்திட்டு வந்தது. பூங்காவனத்தின் தகப்பன் காத்தமுத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். அந்தத் திட்டில் இப்போது அவர் ஒருவர்தான்.

தணிகாசலம் அவர் காலில் விழுந்தார்.

காத்தமுத்து காலை நகர்த்தவும் இல்லை, அவரைத் தூக்கவும் இல்லை. எந்த வழியாக வந்தீர்கள் என்று மட்டும் கேட்டார்.

தணிகாசலம் திரும்பிக் குருவைப் பார்த்தார். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னைக்கு ஒரு வழியா வந்துட்டோம். நாளைக்கு அது இருக்குமான்னு எனக்குத் தெரியாதுங்க” என்றார் தணிகாசலம்.

காத்தமுத்து முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தார்.

“படத்தை எங்க கையில குடுத்த அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கலாமேய்யா.”